சூடு கண்ட உலோகம்

மோட்டார் சைக்கிளிலிருந்து அவசரமாக இறங்கி, கெண்டைக்காலில் சைலன்சர் சூடு வாங்காதவர்கள் நம்மில் குறைவு. அடுத்த முறை வண்டியைக் கழுவும்போது, எஞ்சினிலிருந்து கிளம்பும் அந்த வளைகுழாயைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வாங்கிய புதிதில் கண்ணாடி போல வெள்ளையாக இருந்திருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் எஞ்சினை ஒட்டிய பகுதி வைக்கோல் மஞ்சளாகவும், செம்பழுப்பாகவும், சில இடங்களில் மயில்கழுத்து நீலமாகவும் மாறியிருக்கும். இதை அழுக்கு என்று நினைத்துக் காசு கொடுத்துப் பாலிஷ் போடுகிறவர்கள் உண்டு. உண்மையில் அது இரும்பின் மேல் படர்ந்த ஆக்சைடுப் படலம். சூடு ஏற ஏறப் படலம் தடிக்கும். தடிமனுக்கு ஏற்ப நிறம் மாறும். சாதாரண எஃகில் சுமார் 230 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறம், 300 டிகிரியில் நீலம். கொல்லுப்பட்டறைக்காரர்கள் வெப்பமானி இல்லாமல் பல நூற்றாண்டுகள் வேலை செய்தது இந்த நிறங்களை நம்பித்தான்.

இரும்பு தான் பட்ட சூட்டை இப்படி வெளியே காட்டிக்கொடுத்துவிடும். அலுமினியத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. 300 டிகிரியில் ஒரு மணி நேரம் வாட்டி எடுத்தாலும் அதே வெள்ளி நிறம், அதே பளபளப்பு. ஆனால் உள்ளே பாதிக்கு மேல் பலம் போயிருக்கும். விமானங்களின் உடம்பில் பெரும்பங்கு அலுமினியக் கலவை. அந்த உடம்புக்கு ஒரு சாண் தூரத்தில், சிவக்கச் சிவக்கக் காய்ந்த எக்ஸாஸ்ட் குழாய் போகிறது. விமானத் துறையின் மிகப் பிடிவாதமான ஆணைகளில் சில இந்த ஒரு சாண் தூரத்தைப் பற்றியவை.

சிறு விமானங்களின் பிஸ்டன் எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் புரொப்பெல்லரைச் சுற்றுகிறது. குறைந்தது அதே அளவு ஆற்றல் எக்ஸாஸ்ட் வழியே வெப்பமாக வெளியேறிவிடுகிறது. அந்தக் கழிவிலிருந்து கொஞ்சத்தை மீட்கும் கருவிதான் டர்போசார்ஜர். வெளியேறும் வாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டுகிறது. 18,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் தரையில் இருப்பதில் பாதிதான். அங்கே மூச்சுத் திணறாமல் ஓட எஞ்சினுக்கு இந்த உதவி தேவை. அதற்குக் கொடுக்கும் விலை வெப்பம். டர்போ சக்கரத்துக்குள் நுழையும் வாயு பல எஞ்சின்களில் 900 டிகிரி செல்சியஸ் வரை போகலாம் என்று அனுமதி இருக்கிறது. தூய அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். விமான உத்தரங்களில் பயன்படும் 7075 என்ற கலவை 480 டிகிரியை எட்டும்போதே இளக ஆரம்பிக்கும்.

டர்போ இல்லாத எஞ்சினின் சைலன்சரில் விரிசல் விழுந்தால் புகை கசியும், சத்தம் மாறும். டர்போ எஞ்சினில் கதை வேறு. சக்கரத்துக்கு முந்தைய குழாயில் வாயு அழுத்தத்தில் நிற்கிறது. அங்கே நகக்கீறல் அளவு விரிசல் விட்டாலும் வாயு கசியாது, பீய்ச்சும். கேஸ் வெல்டிங் செய்பவரின் கையிலுள்ள தீநாக்கு மாதிரி ஒரே இடத்தை மணிக்கணக்கில் சுட்டுக்கொண்டிருக்கும். அதுவும் எஞ்சின் மூடிக்குள்ளே, விமானி பார்க்க முடியாத இடத்தில்.

இதற்குப் பாடப்புத்தகம் போன்ற உதாரணம், அமெரிக்காவின் செஸ்னா நிறுவனம் 1980-களின் நடுப்பகுதி வரை செய்துவந்த இரட்டை எஞ்சின் விமானங்கள். 310-இன் டர்போ வகைகள், 320, 340, 402, 414, 421 என்று எண்களால் அறியப்படும் குடும்பம் அது. ஐந்தாறு முதல் பத்துப் பேர் வரை ஏற்றிக்கொண்டு தீவுகளுக்கும் சிற்றூர்களுக்கும் பறந்த உழைப்பாளி விமானங்கள். இவற்றில் எஞ்சின் இறக்கையின் முன்பக்கம் இருக்கும். டர்போவும் வால்குழாயும் எஞ்சினின் பின்புறம், தீத்தடுப்புச் சுவரை ஒட்டி இருக்கும். அந்தச் சுவருக்குப் பின்னால் பெட்ரோல் குழாய்கள். அவற்றுக்கும் பின்னால் இறக்கையைத் தாங்கும் முதுகெலும்பு. வரைபடத்தில் பார்த்தால் கச்சிதமான அமைப்பு. பழுது பார்ப்பவர் கண்ணோட்டத்தில் பார்த்தால், அடுப்பையும் மண்ணெண்ணெய் டின்னையும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து வைத்த சமையலறை.

குழாய்கள் ஏன் உடைகின்றன? ஒவ்வொரு பறப்பிலும் அவை காய்ந்து நீள்கின்றன, ஆறிச் சுருங்குகின்றன. அதற்கு இடம்கொடுக்கத்தான் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் இணைப்புகளை வைத்திருக்கிறார்கள். துருவும் படிவமும் சேர்ந்து அந்த இணைப்பு இறுகிவிட்டால் நீளவேண்டிய குழாய் வளைகிறது. வளைந்த இடத்தில் விரிசல். சில வகைத் துருப்பிடிக்காத எஃகு பல மணி நேரம் 500 முதல் 800 டிகிரிக்குள் காய்ந்துகொண்டிருந்தால் அதிலுள்ள குரோமியம் கார்பனோடு சேர்ந்து படிக எல்லைகளில் ஒதுங்கிவிடும். அந்த எல்லைகளை அரிப்பு எளிதாகத் தின்னும். இதனால்தான் நிக்கலும் குரோமியமும் கலந்த இன்கோனல் என்ற உலோகத்துக்கு மாறினார்கள். இன்கோனல் நல்ல உலோகம். ஆனால் அதுவும் மெலியும். உள்ளிருந்தே மெலிவதால் வெளியே முழுசாகத் தெரியும். விரலால் அழுத்தினால் உள்வாங்கும்.

இந்த விமானங்களின் எக்ஸாஸ்ட் குறித்து 1975-இலேயே ஓர் ஆணை வந்தது. அது பலமுறை திருத்தப்பட்டது. விபத்துகள் நிற்கவில்லை. 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம், அதாவது எஃப்.ஏ.ஏ., பழைய ஆணையை நீக்கிவிட்டு மிகக் கடுமையான புதிய ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. அதன் எண் 2000-01-16. இந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்வது எளிது. முதலில் ஆண்டு, அடுத்தது அந்த ஆண்டின் எத்தனையாவது இருவாரம் என்ற கணக்கு, கடைசியில் அந்த இருவாரத்தில் எத்தனையாவது ஆணை. இரண்டே வாரத்தில் பதினாறாவதா என்று திகைக்க வேண்டாம். இது வழக்கமான வேகம்தான்.

ஆணை சொல்வதன் சாரம்: 50 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி எக்ஸாஸ்ட் முழுவதையும் கண்ணால் பரிசோதிக்க வேண்டும். குறிப்பிட்ட இடைவெளிகளில் குழாய்களைக் கழற்றி எடுத்துப் பார்க்க வேண்டும், காற்றடித்துச் சோதிக்க வேண்டும். எஞ்சினைத் தாங்கும் உத்தரங்களையும் தீத்தடுப்புச் சுவரின் பின்னாலுள்ளவற்றையும் பார்க்க வேண்டும். தேறாததை மாற்ற வேண்டும். மாற்றும்வரை பறக்கக் கூடாது. காரணமாக அது குறிப்பிட்டது, எக்ஸாஸ்ட் உடைந்தால் வானத்தில் கட்டுப்படுத்த முடியாத தீ மூளக்கூடும் என்பதை.

தீ பிடித்தால் ஆபத்து என்பதற்கு விஞ்ஞானம் தேவையில்லை. தீயே பிடிக்காமல் வெறும் சூடு மட்டும் பட்ட விமானத்தை ஏன் பிரிக்கச் சொல்கிறார்கள் என்பதற்குத்தான் தேவை. அதற்கு 1906-இல் பெர்லின் அருகே ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போகவேண்டும்.

ஆல்ஃபிரட் வில்ம் என்ற உலோகவியலாளர் அலுமினியத்தைக் கடினமாக்கும் வழி தேடிக்கொண்டிருந்தார். அவர் எடுத்துக்கொண்டது நம் கொல்லர்களுக்கும் தெரிந்த வித்தை. அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்களே, துவைச்சல் போடுவது என்பார்களே, அதேதான். எஃகுக்கு அது பலிக்கும். முக்கிய கணமே இறுகிவிடும். சுமார் 4 சதவீதம் தாமிரமும் துளி மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தைக் காய்ச்சி முக்கிப் பார்த்தார் வில்ம். இறுகவில்லை. வார இறுதி வந்தது. வேலையை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை அதே துண்டை மீண்டும் சோதித்தபோது அது கடினமாகியிருந்தது. யாரும் தொடவில்லை, காய்ச்சவில்லை. மேசைமேல் சும்மா கிடந்தே இறுகியிருந்தது.

துராலுமின் என்ற பெயரில் அந்த உலோகம் ஜெப்பெலின் ஆகாயக் கப்பல்களின் எலும்பானது. ஏன் இறுகியது என்பது வில்முக்குத் தெரியவில்லை. 1919-இல் ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் பண்ணை வைக்கப் போய்விட்டார், 1937-இல் இறந்தார். அடுத்த ஆண்டுதான் பிரான்சில் கினியே என்பவரும் பிரிட்டனில் பிரஸ்டன் என்பவரும், ஒருவரையொருவர் அறியாமலே, எக்ஸ் கதிர்களைக் கொண்டு விடையைக் கண்டார்கள். இதில் வேடிக்கை ஒன்றுண்டு. ரைட் சகோதரர்களின் 1903-ஆம் ஆண்டு விமானத்தில் இருந்த எஞ்சினின் அலுமினிய வார்ப்பை 1990-களில் ஆராய்ந்தபோது, அதுவும் இதே முறையில் இறுகியிருந்தது தெரிந்தது. வில்ம் கண்டுபிடிப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, யாருக்கும் தெரியாமல் அது பறந்துவிட்டது.

விடை இதுதான். கற்கண்டு காய்ச்சுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் நீரில் சர்க்கரை ஏராளமாகக் கரையும். ஆறியபின் அவ்வளவையும் நீரால் பிடித்துவைக்க முடியாது. மெல்ல மெல்லப் படிகமாகப் பிரியும். சூடான அலுமினியத்தில் தாமிரமோ துத்தநாகமோ அப்படித்தான் கரைந்திருக்கிறது. சட்டென்று முக்கி ஆற்றினால் பிரிய அவகாசம் இல்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. பிறகு நாள்பட நாள்பட, கண்ணுக்கு மட்டுமல்ல, சாதாரண நுண்ணோக்கிக்கும் தெரியாத நுண்துகள்களாகத் திரள்கிறது.

அந்தத் துகள்களால் என்ன பயன்? விரித்த ஜமுக்காளத்தை ஒரு முழம் நகர்த்த வேண்டும் என்றால் மொத்தத்தையும் இழுப்பது கஷ்டம். ஓரத்தில் ஒரு மடிப்பை உண்டாக்கி, அந்த மடிப்பை மறுமுனை வரை தள்ளிக்கொண்டு போனால் சுலபமாக நகரும். உலோகம் வளைவதும் அப்படித்தான்; அணு அடுக்குகளுக்கிடையே இத்தகைய மடிப்புகள் ஓடுகின்றன. ஜமுக்காளத்தின் மேல் ஆங்காங்கே கூழாங்கற்களை நெருக்கமாகப் பரப்பிவிட்டால் மடிப்பு ஓடாது. நுண்துகள்கள் செய்வது அந்த வேலை.

இனி சூட்டுக்கு வருவோம். 7075 கலவையை அதன் உச்ச பலத்துக்குக் கொண்டுவர, அதைச் சுமார் 470 டிகிரியில் காய்ச்சி, முக்கி, பிறகு 120 டிகிரியில் 24 மணி நேரம் பதமாக வைக்கிறார்கள். பதம் என்ற சொல்லை வேண்டுமென்றே சொல்கிறேன். சமையலில் போலவே இதிலும் பதம் தாண்டினால் கெட்டது. எக்ஸாஸ்ட் கசிவால் அந்தப் பாகம் 200 டிகிரியைத் தாண்டினால், சிறு துகள்கள் கரைந்து பெரிய துகள்களோடு சேர்கின்றன. நூறு கூழாங்கற்கள் இருந்த இடத்தில் நாலு பாறைகள். நடுவில் மடிப்பு தாராளமாக ஓட இடம் கிடைத்துவிடுகிறது. பதமான நிலையில் சதுர மில்லிமீட்டருக்கு 570 நியூட்டன் வரை தாங்கும் அந்த உலோகம், முழுவதும் இளகிவிட்டால் 230-ஐக்கூடத் தாங்காது. நிறம் மாறாது, வடிவம் மாறாது, தட்டினால் சத்தம்கூட ஏறக்குறைய அதேதான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது என்பார்கள். சூடு கண்ட அலுமினியமும் நடந்ததை மறப்பதில்லை. நம்மிடம் சொல்வதுதான் இல்லை.

சொல்லவைக்கும் வழிகள் உண்டு. முதல் சாட்சி பெயின்ட். விமானங்களின் உட்புறம் காலம்காலமாகப் பூசப்பட்ட ஜிங்க் குரோமேட் என்ற பச்சை மஞ்சள் அடிப்பூச்சு ஏறக்குறைய 230 முதல் 260 டிகிரியில் வெளிர் பழுப்பாகும். 315-இல் பழுப்பு, 370-இல் கரும்பழுப்பு, 430-க்கு மேல் கறுப்பு. விபத்தில் சிதறிய துண்டுகளை வைத்துக்கொண்டு, தீ தரையில் மூண்டதா வானத்திலா என்று ஆராய்கிறவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியது கடைசியில் வெப்பமானியாக உதவுகிறது.

இரண்டாவது வழி எனக்கு மிகப் பிடித்தது, ஏனென்றால் முதலில் கேட்டால் தலைகீழாகத் தோன்றும். பலம் போன அலுமினியம் மின்சாரத்தை முன்பைவிட நன்றாகக் கடத்தும். கரைந்து சிதறிக் கிடக்கும் அந்நிய அணுக்கள்தான் எலெக்ட்ரான்களின் வழியில் முள். அவை ஒதுங்கித் திரண்டுவிட்டால் வழி துப்புரவாகிவிடுகிறது. பதமான 7075, தாமிரத்தின் கடத்துதிறனில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 33 சதவீதம் காட்டும். இளகிய நிலையில் 45 சதவீதத்தை நெருங்கும். சுழல் மின்னோட்டக் கருவியின் பேனா போன்ற முனையைத் தகட்டின் மேல் வைத்தால் போதும். வெட்ட வேண்டாம், துளைக்க வேண்டாம், எண் திரையில் வரும். சந்தேகமான இடத்தில் கோலப்புள்ளி மாதிரி கட்டம் போட்டு ஒவ்வொரு புள்ளியிலும் அளந்துகொண்டே வெளிப்புறமாகப் போவார்கள். எண்கள் எங்கே பழைய நிலைக்குத் திரும்புகின்றனவோ அதுதான் சூட்டின் எல்லை. கடினத்தன்மையையும் கூடவே சோதிப்பார்கள். தீயணைப்புத் தண்ணீர் பட்டுத் திடீரென ஆறிய பகுதியில் கடினத்தன்மை ஓரளவு திரும்பி வந்திருக்கும், அதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

எல்லை தெரிந்தபின் சிகிச்சை ஒன்றுதான்: வெட்டி எடுப்பது. மறுபடி காய்ச்சிப் பதம் வைக்கலாமே என்று கேட்கலாம். கழற்றிய அரிவாளைப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். பூட்டிய இறக்கையின் நடுவே ஓர் உத்தரத்தை மட்டும் 470 டிகிரிக்குக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவது எப்படி? அக்கம்பக்கத்துப் பாகங்கள் எல்லாம் பதம் கெட்டுப்போகும். ஆகவே ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்து, கெட்ட பகுதியை அகற்றி, புதியதைப் பொருத்துவார்கள். தீக்காயத்துக்குத் தோல் ஒட்டும் அறுவைச் சிகிச்சை போலத்தான்.

குழாயைச் சோதிப்பது இதைவிட எளிது, பஞ்சர் கடை விஞ்ஞானம். வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தையோ குறைந்த அழுத்தக் காற்றையோ வால்குழாயில் கொடுத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவினால் குமிழி வரும் இடம் கசிவு. கண்ணுக்கும் தடயம் உண்டு; கசியும் இடத்தைச் சுற்றிச் சாம்பல் நிறமாகவோ கரியாகவோ ஒரு கறை படியும். சிறு விமானங்களின் பெட்ரோலில் பலகாலமாக ஈயம் கலந்திருப்பதால் அந்தக் கறைக்குச் சாம்பல் நிறம்.

எக்ஸாஸ்ட் வேலை பழகுகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரப்படும் விதி ஒன்று உண்டு: குழாயில் பென்சிலால் குறி போடாதே. பென்சில் கோடு குழாய் காய்ந்ததும் உலோகத்துக்குள் ஊறி அந்த இடத்தின் தன்மையை மாற்றிவிடும். பின்னொரு நாள் அந்தக் கோட்டின் வழியே விரிசல் ஓடும். துத்தநாகம் பூசிய கருவிகளுக்கும் இதே தடை. பழுது பார்க்கப் போனவரே பழுதை எழுதிவிட்டு வரலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஆணைக்குத் திரும்புவோம். வான்தகுதி ஆணை, தொழிலில் உள்ளவர்கள் வாயில் ஏ.டி., ஆலோசனை அல்ல, சட்டம். தயாரிப்பு நிறுவனம் அனுப்பும் சேவைக் குறிப்பு வேறு. தனியார் விமான உரிமையாளர் அதைப் படித்துவிட்டு மேசையில் போட்டாலும் பல சமயங்களில் குற்றமில்லை. ஏ.டி. வந்தபின் அதன்படி செய்யாமல் விமானத்தைக் கிளப்புவதே குற்றம். விமானத்தை வடிவமைத்த நாடு இத்தகைய தகவலை அதைப் பதிவுசெய்த நாடுகளுக்கெல்லாம் அனுப்ப வேண்டும் என்பது 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை வழியே வந்த ஏற்பாடு. அதனால் வாஷிங்டனில் அச்சாகும் ஒரு தாள் உலகின் எந்த மூலையிலுள்ள கொட்டகையிலும் ஒரு மெக்கானிக்கை ஏணியில் ஏற்றும்.

அவசரம் இல்லாத ஆணை என்றால் முதலில் வரைவாக வெளியிட்டுக் கருத்துக் கேட்பார்கள். செலவுக் கணக்கும் அதிலேயே இருக்கும்: இத்தனை மணி நேர வேலை, மணிக்கு 85 டாலர், உதிரிபாகம் இவ்வளவு, நாட்டிலுள்ள மொத்த விமானங்களுக்கும் சேர்த்து இவ்வளவு. 85 டாலரில் எந்தப் பட்டறை வேலை செய்கிறது என்று உரிமையாளர்கள் சிரிப்பார்கள். சிரிப்பில் நியாயம் உண்டு. அவர்களின் இன்னொரு வாதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது: அடிக்கடி கழற்றி மாட்டினால், கழற்றி மாட்டுவதாலேயே புதிய பழுது வருகிறது என்கிறார்கள். அது உண்மை. துருவேறிய பழைய இணைப்பை முறுக்கித் திருகி எடுக்கும்போது நல்ல குழாயும் நெளியும். ஆனாலும் நான் ஆணை பக்கம்தான். தன் கேட்டை மறைக்கும் பொருளைக் கண்டுபிடிக்க, கண்ணில் படும்வரை காத்திருப்பது உதவாது. கடிகாரத்தை நம்புவதுதான் வழி.

கடிகாரத்தின் மீதான இந்த நம்பிக்கை 2023-இல் வந்த ஓர் ஆணையில் துலக்கமாகத் தெரிகிறது. டர்போவையும் வால்குழாயையும் இணைப்பது ஒரு வளையப் பட்டை. உள்புறம் வி வடிவப் பள்ளம், வெளியே ஒரே ஒரு போல்ட். பட்டையின் பாகங்களைப் புள்ளி வெல்டிங்கால் ஒட்டியிருப்பார்கள். ஒவ்வொரு வெல்டிங் புள்ளியும் விரிசல் தொடங்க ஒரு வாசல். போல்ட்டை அளவுக்கு மீறி முடுக்கினால் பட்டை இழுபடும். ஒருமுறை கழற்றிய பட்டை மறுபடி அதே வட்டத்தில் உட்காராது. அறுந்தால் வால்குழாய் கழன்று, அத்தனை வாயுவும் மூடிக்குள். அரை நூற்றாண்டாக இதற்கு ஆங்காங்கே, ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனித்தனியாக ஆணைகள் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில், விமானத்தின் பெயர் எதுவானாலும் இவ்வகைப் பல துண்டுப் பட்டைகளுக்கு ஆயுள் 500 மணி நேரம் என்று ஒரே கோடாகக் கிழித்துவிட்டார்கள். 500 ஆனதும் பட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் குப்பைக்கு.

ஜெட் விமானங்கள் இந்தத் தொல்லையிலிருந்து தப்பவில்லை, பொருள்தான் மாறியது. ரோல்ஸ்ராய்ஸ் ட்ரென்ட் 800 எஞ்சின் பூட்டிய போயிங் 777-களில், எஞ்சினின் சூடான நடுப்பகுதியைப் போர்த்தியிருக்கும் உட்சுவர் கார்பன் இழையும் எபாக்சிப் பிசினும் சேர்ந்தது. சூடு தாக்காமல் மேலே காப்புப் போர்வை. போர்வையின் விளிம்பிலோ அடைப்பிலோ வழி கிடைத்துச் சூடான காற்று சுவரைத் தொட்டால் பிசின் கருகி அடுக்குகள் பிரியும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்படிச் சுவர்கள் கெட்ட நிகழ்வுகளால் எஃப்.ஏ.ஏ. 2005-லிருந்து ஆணைகள் போட்டு, பரிசோதனையும் வெப்பக் காப்பை மாற்றுவதையும் கட்டாயமாக்கியது. அலுமினியத்துக்குப் பதில் பிசின். மற்றபடி அதே கதை.

வெப்பம் மட்டும்தான் கசிகிறது என்று இதுவரை பேசிவிட்டேன். அதோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடும் கசிகிறது. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் அதை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். நிறமில்லை, மணமில்லை. சிறு விமானங்கள் பலவற்றில் பயணிகளுக்கான கதகதப்புக் காற்றையே எக்ஸாஸ்டைச் சுற்றிய உறையிலிருந்துதான் எடுக்கிறார்கள். உறைக்குள் விரிசல் என்றால் விஷவாயு நேராக இருக்கைக்கு வரும். 2019 ஜனவரி 21 அன்று பிரான்சின் நான்ட் நகரிலிருந்து கார்டிஃப் நோக்கிப் பறந்த பைப்பர் மாலிபு விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அதில் இருந்த கால்பந்து வீரர் எமிலியானோ சலாவின் ரத்தத்தில் ஹீமோகுளோபினில் 58 சதவீதம் கார்பன் மோனாக்சைடால் நிரம்பியிருந்தது. எக்ஸாஸ்டிலிருந்து கசிந்ததுதான் என்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கருதினார்கள். விமானியும் அதே காற்றைத்தான் சுவாசித்திருக்க வேண்டும்.

அதற்கு ஓராண்டுக்கு முன், 2017 டிசம்பர் 31 அன்று, சிட்னிக்கு வடக்கே ஹாக்ஸ்பரி ஆற்றின் ஜெருசலேம் விரிகுடாவில் ஒரு பீவர் மிதவை விமானம் விழுந்தது. சுற்றுலா வந்த பிரிட்டிஷ் குடும்பத்தினர் ஐவரும் விமானியும் இறந்தார்கள். முதலில் காரணம் பிடிபடவில்லை. பிறகு ரத்த மாதிரிகளை மீண்டும் சோதித்தபோது கார்பன் மோனாக்சைடு தெரிந்தது. எக்ஸாஸ்ட் வளையத்தில் விரிசல்கள் இருந்தன. அதிலிருந்து எஞ்சின் பகுதிக்குள் வாயு வந்தது. அங்கிருந்து விமானி அறைக்குள் எப்படி வந்தது? தீத்தடுப்புச் சுவரில் ஒரு சிறு மூடியைப் பூட்டும் போல்ட்டுகளில் மூன்றைக் காணோம். அந்த ஓட்டைகள் வழியாகத்தான். விமானி அறையில் கார்பன் மோனாக்சைடு பட்டால் நிறம் மாறும் சிறு அட்டை ஒட்டப்பட்டிருந்தது. யாராவது திரும்பிப் பார்த்தால்தான் அது எச்சரிக்கும். வெயிலில் வெளுத்தும் போகும்.

ஒலியெழுப்பி எச்சரிக்கும் மின்னணுக் கருவி இன்று கைபேசியைவிட மலிவு. விடுமுறையில் எங்காவது சிறு விமானத்திலோ மிதவை விமானத்திலோ ஏறி ஊர் பார்க்க நேர்ந்தால், ஜன்னல் இருக்கையைக் கேட்பதற்கு முன் அந்தக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். அட்டையைக் காட்டினால், அதில் ஒட்டிய தேதியைப் பாருங்கள்.